சி.எம்.ஏ. கையில் இருக்கிறது, அடுத்து சி.எஃப்.ஏ.வா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 34. கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) பிரிவில் உதவி மேலாளராக இருக்கிறேன். பி.காம். முடித்து, வேலை பார்த்துக்கொண்டே இந்திய சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பு) முடித்தேன். பத்து வருட அனுபவம், ஆண்டுச் சம்பளம் ஒன்பதரை லட்சம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மகளுக்கு ஐந்து வயது, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஏப்ரலில், என்னைவிட நான்கு வயது சின்னவரான ஒரு எம்.பி.ஏ.காரரை வெளியிலிருந்து கூட்டிவந்து எனக்கு மேலே நிதி மேலாளராக உட்கார வைத்துவிட்டார்கள். அதிலிருந்து மனசு சரியில்லை. கூடப் படித்த நண்பன், முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வில் இரண்டு லெவல் முடித்து பெங்களூருவில் ஈக்விட்டி ரிசர்ச்சில் (பங்கு ஆய்வு வேலையில்) இருக்கிறான், என்னையும் எழுதச் சொல்கிறான். இன்னொரு பக்கம், அமெரிக்க சி.எம்.ஏ. படியுங்கள், எட்டு மாதத்தில் முடித்துவிடலாம், மொத்தம் ஒன்றே முக்கால் லட்சம், வேலைக்கு நாங்கள் பொறுப்பு என்று ஒரு கோச்சிங் சென்டரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதைப் படிப்பது? இந்த வயதில் படிக்கலாமா?

பதில்:

நண்பரே, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். இந்த வருடம் இரண்டுக்குமே பணம் கட்டாதீர்கள். சி.எஃப்.ஏ. நீங்கள் இப்போது போய்க்கொண்டிருக்கும் பாதைக்குத் தேவையில்லை. அமெரிக்க சி.எம்.ஏ. ஒரு குறிப்பிட்ட சூழ்நிலையில் மட்டும் உங்களுக்கு உதவும், அது என்ன என்று கீழே எழுதியிருக்கிறேன். வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம், நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த மாதிரித் தேர்வுகளை எழுதித் தேறுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களிடம் குறைவாக இருப்பது நேரமும் பணமும், அதனால் அவற்றை எங்கே போடுவது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உறுத்தியது ஒன்று. புது மேலாளரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நண்பனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கோச்சிங் சென்டரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் கழித்து எந்த மாதிரி வேலையில் இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இதே ஃபவுண்டரியில் நிதித் தலைவராக வேண்டுமா, பெரிய கம்பெனிக்கு மாற வேண்டுமா, வளைகுடா பக்கம் போக வேண்டுமா, பங்குச் சந்தை வேலையா, இல்லை சொந்தமாக பிராக்டிஸா? ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு வேறு. வேலை எது என்று தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்தால், படித்து முடித்த பிறகும் இதே கேள்வியோடு எனக்கோ வேறு யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஏப்ரலில் நடந்தது வலிக்கத்தான் செய்யும். பத்து வருடம் ஒரே இடத்தில் உழைத்தவருக்கு மேலே, தொழிலே தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்கும் மனசு ஒடியும். ஆனால் அந்த வருத்தத்திலேயே நீங்கள் ஒரு கணக்குப் போட்டுவிட்டீர்கள்: அவரிடம் எம்.பி.ஏ. இருந்தது, என்னிடம் இல்லை, நானும் ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும். அது உண்மையா என்று முதலாளியிடம் கேட்டீர்களா? கேளுங்கள். சண்டை போடுகிற தொனியில் வேண்டாம், யாரோ சொல்லித்தான் தெரிந்தது என்கிற குறையும் வேண்டாம். "சார், அந்தப் பொறுப்புக்கு என்னை நினைத்துப் பார்த்தீர்களா, என்னிடம் எது குறைவாகத் தெரிந்தது, அடுத்த இரண்டு வருடத்தில் நான் எதைச் செய்து காட்ட வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். கோவையில் முதலாளிகள் தினமும் ஷெட்டுக்குள் நடந்து வருகிறவர்கள், பத்து வருட ஆள் பத்து நிமிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் மேஜையின் இந்தப் பக்கம் நிறைய உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வரும் பதிலில் பட்டம் என்கிற சொல் அநேகமாக இருக்காது. பேங்க் மேனேஜரோடு உட்கார்ந்து கடன் லிமிட் பற்றிப் பேச ஆள் வேண்டும், வெளிநாட்டு கஸ்டமர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் வேண்டும், ரிப்போர்ட் வருகிறது ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை, இந்த மாதிரிதான் சொல்வார்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் எனக்குத் தெரிந்த வரை எல்லா முன்னேற்றமும் அங்கேதான் இருக்கிறது. மாத ரிவ்யூ மீட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் செலவு, பாதகமான வேரியன்ஸ் (திட்டமிட்டதைவிடக் கூடுதலாகப் போனது), 2,40,000 ரூபாய் என்று ஒரு வரி திரையில் வருகிறது. எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்: டன்னுக்கு 620 யூனிட் எடுத்துக்கொண்டிருந்த ஃபர்னஸ் அந்த மாதம் 680 எடுத்திருக்கிறது, கூடுதல் 60 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் டன்னுக்கு 480 ரூபாய், மாதம் 500 டன் உருக்கினால் அந்தத் தொகை. காஸ்டிங் ஆள் இதைத் திரையில் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டால், புரொடக்‌ஷன் மேனேஜர் கரன்ட் சரியில்லை, ஸ்கிராப் சரியில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார், எல்லோரும் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். அதே ஆள் முந்தின நாள் ஃபர்னஸ் லாக் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, இரண்டாம் ஷிஃப்டில் அச்சு தயாரிக்கும் மோல்டிங் லைன் நின்றுபோன நாட்களில் உருகின உலோகத்தை ஊற்ற முடியாமல் ஃபர்னஸிலேயே வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அந்த 60 யூனிட்டில் பாதிக்கு மேல் போனது இந்தக் காத்திருப்பில்தான், லைன் நின்றது ஒரே ஒரு பழைய சிலிண்டரால், அதை மாற்ற இவ்வளவு ஆகும், இத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று சொல்லட்டும். அந்த மீட்டிங்கில் முதலாளி யாரைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார் என்று நினைக்கிறீர்கள்? இதற்கு வேண்டிய படிப்பு உங்கள் சி.எம்.ஏ.விலேயே வந்துவிட்டது. மீதி இருப்பது ஷெட்டுக்குள் நடந்து போவதும், கண்டதை எழுந்து நின்று சொல்வதும். புதிதாக வந்த மேலாளரால் இதை உங்கள் அளவுக்குச் செய்ய முடியாது, அவருக்கு ஃபர்னஸ் தெரியாது. இது உங்களிடம் இருக்கும் பெரிய பலம், நீங்கள் அதைக் கடிதத்தில் ஒரு பொருட்டாகவே எழுதவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

சரி, இப்போது சி.எஃப்.ஏ.

நல்ல படிப்பு, அதில் சந்தேகமே இல்லை. 1963-இல் முதல் தேர்வு நடந்தது, முதலீட்டு உலகில் அதற்கு இருக்கிற மரியாதை நியாயமானது. ஆனால் அது யாருக்கான படிப்பு என்பதைப் பாடத்திட்டமே சொல்லிவிடும். முதல் லெவலில் தொழில் நெறிமுறைக்கு மட்டும் 15 முதல் 20 சதவீதம். பங்குகள், கடன் பத்திரங்கள், டெரிவேட்டிவ்ஸ், மாற்று முதலீடுகள், போர்ட்ஃபோலியோ நிர்வாகம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ பாதி. நீங்கள் இப்போது செய்யும் வேலைக்குப் பக்கத்தில் வருவது நிதி அறிக்கை ஆய்வும் நிறுவன நிதியும்தான், முதலாவதுக்கு 11 முதல் 14 சதவீதம், இரண்டாவதுக்கு 6 முதல் 9 சதவீதம், கூட்டிப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பொருளின் அடக்கவிலையை எப்படிக் கட்டுவது என்பதற்கு அங்கே இடமே இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அது முதலீட்டாளர் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கான தேர்வு.

நேரக் கணக்கையும் போடுங்கள். ஒரு லெவலுக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டும் என்று தேர்வை நடத்தும் அமைப்பே சொல்கிறது. வாரம் பத்து மணி நேரம் என்றால் ஒரு லெவலுக்கு ஏழு மாதம். உங்களுக்கு மார்ச் 31-இல் ஆண்டுக் கணக்கு முடியும், ஏப்ரல், மே முழுக்க ஆடிட்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் நிறுவனம் காஸ்ட் ஆடிட்டுக்குள் (அடக்கவிலைக் கணக்குத் தணிக்கைக்குள்) வருகிறது என்றால் ஆண்டு முடிந்து 180 நாளுக்குள் அந்த அறிக்கை போக வேண்டும், அதாவது செப்டம்பர் கடைசி வரை உங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. முதல் லெவல் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் நடக்கிறது. மே, ஆகஸ்ட் இரண்டும் உங்கள் ஆடிட் வேலைக்கு நடுவில் வருகின்றன, நவம்பருக்குப் படிக்க வேண்டிய மாதங்களும் அதே ஆடிட் மாதங்கள்தான், ஆக மிஞ்சுவது பிப்ரவரி. முதல் லெவல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. ஒரு லெவலுக்குத் தேர்வுக் கட்டணம் மட்டும் ஆயிரம் டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ வரும், தாமதமாகப் பதிந்தால் இன்னும் கூடும், தவறினால் மறுபடியும் முழுக் கட்டணம். மூன்று லெவலும் தேறின பிறகும் பட்டயம் உடனே கைக்கு வராது, குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரம் முதலீட்டு முடிவுகளோடு தொடர்புள்ள வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் காஸ்டிங் அனுபவத்தில் எவ்வளவு அதில் சேரும் என்பது அவர்கள் பரிசீலித்துச் சொல்ல வேண்டிய விஷயம், பத்து வருடமும் அப்படியே கணக்கில் வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

உங்கள் நண்பனிடம் ஒன்று கேளுங்கள்: அந்த வேலையில் எந்த வயதில், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்? ஈக்விட்டி ரிசர்ச் வேலைகள் அதிகம் இருப்பது மும்பையில், அதற்கு அப்புறம் பெங்களூரு, சென்னை மாதிரி ஊர்களில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஆய்வு செய்து தரும் அலுவலகங்களில். அங்கே முதல் படியில் உங்களோடு போட்டி போடுகிறவர்கள் 24, 25 வயதுக்காரர்கள், அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைத்தான் உங்களுக்கும் முதலில் பேசுவார்கள், வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் உள்ள வீட்டில் அதைத் தாங்க முடியுமா என்று நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இல்லை சார், எனக்கு உண்மையிலேயே கம்பெனிகளை அலசுவதில்தான் ஆசை என்று நீங்கள் சொன்னால், நான் தடுக்க மாட்டேன். ஆழம் பார்த்துவிட்டு இறங்குங்கள், அவ்வளவுதான். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014-இல் கொண்டுவந்த விதிகளின்படி இந்தியாவில் ரிசர்ச் அனலிஸ்ட்டாக வேலை செய்யத் தேவைப்படும் ஒரு தேர்வை, செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்துகிறது, சி.எஃப்.ஏ. கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதற்குச் செலவு சொற்பம், உங்களுக்கு இரண்டு மூன்று மாதப் படிப்பு போதும். அதைப் படித்துக்கொண்டே, பங்குச் சந்தையில் இருக்கும் பம்ப் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள், கிர்லோஸ்கர் பிரதர்ஸ், கே.எஸ்.பி., சக்தி பம்ப்ஸ் என்று மூன்றை எடுக்கலாம். மூலப்பொருள் செலவு விற்பனையில் எத்தனை சதவீதம், கடனாளிகளிடம் பணம் எத்தனை நாள் நிற்கிறது, ஒன்றில் லாப விகிதம் ஏன் கூடுதல், மற்றதில் ஏன் குறைவு என்று பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். வார்ப்பு உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் எழுதும் பத்துப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கே படிக்க ஆசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குழந்தை தூங்கின பிறகு இதை ஆர்வத்தோடு செய்கிறீர்களா, இல்லை கடமைக்குச் செய்கிறீர்களா என்று பாருங்கள். ஆர்வம் குறையாமல் இருந்தால் சி.எஃப்.ஏ.வுக்குப் பதிவு செய்யுங்கள், அந்தப் பத்துப் பக்கத்தை உங்கள் நண்பனின் மேலதிகாரிக்கும் அனுப்பி வையுங்கள்.

கம்பெனிகளை மதிப்பிடுவதில் மட்டும் ஆசை, கோவையை விட்டுப் போக மனமில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி, சி.எம்.ஏ. உறுப்பினராகி அதன் பிறகு மூன்று வருட அனுபவம் உள்ளவர்கள், 50 மணி நேரப் பயிற்சி எடுத்து, திவால் விவகாரங்களை ஒழுங்குபடுத்தும் வாரியமான ஐ.பி.பி.ஐ.யின் தேர்வில் தேறி, பங்குகளையும் நிதிச் சொத்துகளையும் மதிப்பிடும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளராகலாம். சொந்த பிராக்டிஸ் என்கிற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க சி.எம்.ஏ.வுக்கு வருவோம். இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரத் தேர்வு, 500-க்கு 360 எடுத்தால் தேர்ச்சி. முதல் பகுதியில் இருப்பது பட்ஜெட், செயல்திறன் அளவீடு, காஸ்ட் மேனேஜ்மென்ட், உள்கட்டுப்பாடு. இரண்டாவதில் நிதி ஆய்வு, முதலீட்டு முடிவுகள், நெறிமுறை. பாடத் தலைப்புகளைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும், இதில் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே படித்துத் தேறிவிட்டீர்கள், அதுவும் இதைவிடக் கடினமான வடிவத்தில். ஆகவே எட்டு மாதம் என்று கோச்சிங் சென்டர் சொல்வது உங்கள் விஷயத்தில் மிகையே இல்லை. தெரிந்த பாடத்துக்கு எதற்கு ஒன்றே முக்கால் லட்சம் என்பதுதான் என் கேள்வி.

அது பயன்படும் சூழ்நிலை இதுதான்: அடுத்த இரண்டு வருடத்தில் துபாய், தோஹா, ரியாத் பக்கம் போக வேண்டும், அல்லது சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் அமெரிக்க நிறுவனங்களின் நிதி அலுவலகங்களில் பிளானிங், பட்ஜெட் பிரிவில் சேர வேண்டும் என்று நீங்களும் குடும்பமும் தீர்மானித்திருந்தால். அங்கே விண்ணப்பங்களைச் சலிக்கிறவர்களுக்கு நம் ஊர் சி.எம்.ஏ.வின் கனம் தெரியாமல் போகலாம், அமெரிக்க சி.எம்.ஏ. என்று போட்டிருந்தால் சட்டென்று புரியும். அதற்குக் கேட்கும் இரண்டு வருட அனுபவம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. அந்த முடிவு எடுத்துவிட்டால் தயங்காமல் எழுதுங்கள், ஆனால் பாடப் புத்தகமும் கேள்வித் தொகுப்பும் வாங்கி நீங்களே படியுங்கள், முழு கோச்சிங் வேண்டியதில்லை. கோவையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் அது உங்களுக்குச் சேர்ப்பது குறைவு. கம்பெனிகள் சட்டம் 148-ஆம் பிரிவின் கீழ் காஸ்ட் ஆடிட்டில் கையெழுத்துப் போடும் உரிமை பிராக்டிஸில் இருக்கும் இந்திய சி.எம்.ஏ.வுக்குத்தான். அமெரிக்கப் பட்டயத்தை வைத்து இங்கே ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட முடியாது, இங்கே கோவை அவிநாசி ரோட்டில் உங்களை இன்டர்வியூ செய்கிற நிதித் தலைவருக்கும் உங்கள் இந்திய சி.எம்.ஏ. என்ன என்று நன்றாகவே தெரியும்.

"வேலைக்கு நாங்கள் பொறுப்பு" என்கிற பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அடுத்த முறை கூப்பிடும்போது, அதை உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதித் தாருங்கள், எவ்வளவு நாளில், எவ்வளவு சம்பளத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் பணம் திரும்பத் தருவீர்களா என்று கேளுங்கள். கல்லூரி முடித்த பையன்களை விடுங்கள், பத்து வருட அனுபவத்தோடு உங்களிடம் படித்து, ஒன்பதரை லட்சத்திலிருந்து மேலே போன மூன்று பேரிடம் நான் பேச வேண்டும், போன் நம்பர் தர முடியுமா என்றும் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தை உள்ள ஒரு குடும்பத்தின் சேமிப்பை, மனசு சரியில்லாத நேரம் பார்த்து இப்படி வாங்கிக்கொள்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் இந்த வருடத்தை என்ன செய்வது? முதலில், நீங்கள் "சி.எம்.ஏ. முடித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள், சி.எம்.ஏ. இன்ஸ்டிட்யூட்டில் உறுப்பினராகப் பதிந்துவிட்டீர்களா? தேர்வு முடித்துவிட்டு, சந்தா கட்ட வேண்டுமே என்று பதியாமலே வருடக்கணக்கில் விட்டுவைத்திருக்கும் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினராக இருந்தால்தான் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம், மேலே சொன்ன மதிப்பீட்டாளர் வழிக்கும் உறுப்பினரான நாளிலிருந்துதான் அனுபவம் எண்ணப்படும். பதியவில்லை என்றால் இந்த மாதமே விண்ணப்பத்தைப் போடுங்கள்.

அப்புறம், உங்கள் கம்பெனியின் வார்ப்புகள் ஐரோப்பாவுக்குப் போகின்றனவா? இரும்பு, உருக்குப் பொருள்கள் பலவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கார்பன் கட்டணம் என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது, 2023 அக்டோபரில் தகவல் தருவதோடு தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று சுங்கத்தில் பொருளை அடையாளம் காட்டும் எச்.எஸ். குறியீட்டை வைத்துப் பாருங்கள். வந்தால், ஒரு டன் வார்ப்புக்கு எவ்வளவு எரிபொருள், அதனால் எவ்வளவு கார்பன் என்கிற கணக்கை அங்கே வாங்குகிறவர் கேட்டே ஆவார். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் பெரும்பாலும் காஸ்ட் ஷீட்டில்தான் இருக்கின்றன, அதாவது உங்கள் கம்ப்யூட்டரில். இன்று வரவில்லை என்றாலும் பட்டியல் விரியலாம், கணக்கைக் கட்டி வைத்திருப்பதில் நஷ்டமில்லை. இதை யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்களே செய்து முதலாளி மேஜையில் வையுங்கள், நிதி மேலாளரின் பெயரையும் சேர்த்துப் போட்டு வைத்தால் அவரும் உங்களுக்கு எதிரியாக இருக்க மாட்டார்.

வங்கி வேலையையும் கேட்டு வாங்குங்கள். லிமிட் புதுப்பிக்கும் சமயத்தில் வங்கிக்குப் போகும் அடுத்த வருடக் கணிப்பை நான் தயார் செய்கிறேன், மீட்டிங்குக்கும் கூட வருகிறேன் என்று புது மேலாளரிடமே சொல்லுங்கள். வந்து கொஞ்ச நாளே ஆன அவருக்குத் தொழில் தெரிந்த ஆள் பக்கத்தில் தேவை. எக்செல்லில் தரவுகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பவர் குவெரி, உங்கள் கம்பெனியில் எஸ்.ஏ.பி. மென்பொருள் இருந்தால் அதன் பிராடக்ட் காஸ்டிங் பகுதி, இரண்டும் தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளுங்கள், செலவும் குறைவு, அடுத்த நாளே வேலையில் தெரியும்.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, நீங்கள் போக விரும்பும் பதவிக்கு வந்திருக்கும் வேலை விளம்பரங்கள் இருபதை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன தகுதி கேட்கிறார்கள் என்று ஒரு ஷீட்டில் குறியுங்கள். உற்பத்தி நிறுவனங்களின் நிதிப் பதவிகளுக்கு சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. என்றுதான் திரும்பத் திரும்ப வரும் என்பது என் அனுபவம், ஆனால் என்னை நம்ப வேண்டாம், நீங்களே எண்ணிப் பாருங்கள். இருபதில் பத்து விளம்பரங்களாவது ஒரு புதிய பட்டயத்தைக் கேட்டிருந்தால் அது யோசிக்க வேண்டிய படிப்பு, ஒன்றிரண்டில் மட்டும் வந்தால் விட்டுவிடலாம்.

கடைசியாக, மனைவியைக் கூட வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். அவர் பள்ளியிலிருந்து வந்து விடைத்தாளும் திருத்தி, வீட்டையும் பார்த்து, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் மூன்று வருடம் குழந்தையையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், சி.எஃப்.ஏ. மூன்று லெவலுக்கான அந்த 900 மணி நேரத்தில் பாதியை அவர்தான் கொடுக்கிறார். நீங்கள் சி.எம்.ஏ. படித்த காலத்தில் எப்படி இருந்தது என்று அவரிடமே கேளுங்கள், உங்களுக்கு நினைவில் இல்லாத பலதை அவர் சொல்வார்.

முதலாளியிடம் பேசிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் சுருக்காமல், அவர் சொன்னபடியே எழுதுங்கள், கூடவே அந்த இருபது விளம்பர ஷீட்டையும் அனுப்புங்கள். சி.எஃப்.ஏ. பிப்ரவரித் தேர்வா, அமெரிக்க சி.எம்.ஏ.வா, இல்லை எதுவுமே வேண்டாமா என்பதை அந்த இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.